வளரும் ஊருக்குக் குடிபோகும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



லிஃப்டில் இரண்டு பேர் சேர்ந்து ஏறினாலே இப்போது ஒரே பேச்சுதான். "ஊரப்பாக்கத்தில் பார்த்தோம், இங்கே ரெண்டு பெட்ரூமுக்குக் கொடுக்கிற வாடகையில் அங்கே மூணு பெட்ரூம் கிடைக்குது." "கூடுவாஞ்சேரியில் புதுசா கட்டறாங்க. இதை வித்துட்டு அங்கே வாங்கினா மிச்சத்தை பேங்கில் போட்டுடலாம்." வாடகை கட்டி மாளாதவர்கள் ஒரு பக்கம், ஓய்வு பெற்று அமைதியாக இருக்க நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புமே கேட்கிறார்கள் என்பதால் செயலாளர் இந்தத் தலைப்பைக் கொடுத்தார்.

போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்ல நங்கநல்லூர்க்காரர்கள் நமக்கு உரிமையும் இல்லை. இதே ஊருக்கு ஒரு காலத்தில் "அவ்வளவு தூரம் யார் போவார்கள்" என்று மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் இருந்தவர்கள் கேட்டார்கள். அன்று வந்தவர்களால்தான் இன்று இந்த ஊர் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: போகிற இடத்தில் என்ன இருக்கிறது, என்ன வரப்போகிறது, இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். விளம்பரத்தில் இவை இரண்டும் கலந்தே வரும். நீங்கள் விலை கொடுப்பது இரண்டுக்கும் சேர்த்து. ஆனால் குடியிருக்கப் போவது இன்று இருப்பதை வைத்துத்தான்.

பேச்சு நீளாமல் இருக்க ஜி.எஸ்.டி. சாலைப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர். ஆவடி, பூந்தமல்லி, கேளம்பாக்கம் பக்கம் பார்ப்பவர்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

ஊரின் வயதும் உங்கள் வயதும்

வளரும் ஊர் என்றால் இன்னும் வளர்ந்து முடியாத ஊர். வளர்ந்து முடிக்க எத்தனை வருடம் ஆகும்? பக்கத்து மடிப்பாக்கத்தைப் பாருங்கள். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பத்து வருடம் கடந்த பிறகும் பாதாளச் சாக்கடைக்காகச் சாலைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சி எல்லைக்குள் வந்த ஊருக்கே இவ்வளவு காலம் என்றால், அதற்கு அப்பால் இருக்கும் ஊருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளாம்பாக்கம் இன்னொரு பாடம். பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பக்கத்தில் ரயில் நிலையம் அப்போது இல்லை. ஊரிலிருந்து விடியற்காலை வந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சோடு மாநகரப் பேருந்துக்குக் காத்து நின்றது நமக்கெல்லாம் தெரியும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு மெட்ரோ திட்டமிடப்பட்டிருக்கிறது. அது வரட்டும், நல்லதுதான். ஆனால் திட்டம் என்பது ரயில் ஆகாது. இது எப்போது ஓடும் என்று எந்த பில்டராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவே முதல் கணக்கு, உங்கள் வயதோடு பத்தைக் கூட்டுங்கள். முப்பத்திரண்டு வயதுத் தம்பதிக்கு நாற்பத்திரண்டு வரும். ஊரும் குழந்தையும் சேர்ந்தே வளர்வார்கள். நடுவில் சேறு, டேங்கர், மின்வெட்டு எல்லாம் இருந்தாலும் தாங்கிவிடலாம். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு எழுபத்தைந்து வரும். ஊர் வசதியாகும்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது, இரவில் வண்டி ஓட்டக் கண் தெரியாது. ஒரே ஃப்ளாட், ஒரே விலை. ஒருவருக்கு நல்ல முடிவாக இருப்பது இன்னொருவருக்குச் சிரமமாக முடியலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

வயதானவர்கள் ஒரு ஒத்திகை பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு வலித்தால் எங்கே போவோம்? ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது போதாது. இரவில் இதய மருத்துவர் இருப்பாரா, அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் திரும்புமா, ரயில்வே கேட் குறுக்கே வருமா என்று நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை பாருங்கள்.

தண்ணீர்: வருவதும் போகாததும்

நம் பழவந்தாங்கலின் பெயரிலேயே ஒரு தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்றால் சிறு ஏரி. ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு. அந்த வழியில் வீடு கட்டினாலும் தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் ஆட்களை மீட்டார்கள். அதன் பிறகு அங்கே வடிகால் வேலைகள் நடந்தன. ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பகுதிகளில் தண்ணீர் மறுபடியும் தேங்கியது. எனவே "இங்கே தண்ணீர் நிற்காது சார்" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வாருங்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடமும் மளிகைக் கடை அண்ணாச்சியிடமும் கேளுங்கள். "2015-ல் எதுவரை வந்தது? 2023-ல்?" கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார்கள், அல்லது முழங்காலில். அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை.

நீங்களும் கண்ணால் பாருங்கள். பழைய காம்பவுண்டு சுவர்களில் தண்ணீர்க் கறைக் கோடு இருக்கிறதா? பக்கத்து வீடுகள் சாலையை விடத் தாழ்ந்து கிடக்கின்றனவா? அடுக்குமாடியில் மின்சாரப் பலகை, ஜெனரேட்டர், சம்ப் மூடி இவை மூன்றும் எந்த உயரத்தில் இருக்கின்றன? மூன்றாம் மாடியில் வீடு வாங்கினால் வீட்டுக்குள் வெள்ளம் வராது, உண்மைதான். ஆனால் கீழே பலகை மூழ்கினால் மின்சாரம் போகும், மோட்டார் ஓடாது, லிஃப்ட் நிற்கும். சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்தால் குடிக்கவும் வழியில்லை. நான்கு நாள் மேலேயே சிறை.

இது மழைக்காலத் தண்ணீர். இனி மே மாதத் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு வகுத்திருக்கும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். அறுபது ஃப்ளாட்டுக்கு 32,400 லிட்டர். போர்வெல் வற்றினால் 12,000 லிட்டர் லாரி தினம் கிட்டத்தட்ட மூன்று வேண்டும். அந்தச் செலவு மெயின்டனன்ஸில் வந்து விழும். ஆகவே பில்டரிடம் கேட்க வேண்டியது, "தண்ணீர் வசதி இருக்கிறதா" என்று பொதுவாக அல்ல. "எத்தனை போர், எத்தனை அடி, போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள், குழாய்த் தண்ணீர் இணைப்பு வந்துவிட்டதா" என்று கேளுங்கள். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடம் என்றால் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இது எழுதியிருக்கும்.

ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து பரிசோதனைக்கும் கொடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஹீட்டரும் வாஷிங் மெஷினும் தலைமுடியும் எவ்வளவு காலம் தாங்கும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

கழிவுநீரையும் கேட்டுவிடுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் இருக்கும், பெரிய குடியிருப்பில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அது ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா என்று மூக்கே சொல்லிவிடும். டேங்கைச் சுத்தம் செய்ய லாரிதான் வர வேண்டும். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்னவர்களும் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சங்கம் இதில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அது எப்படிப்பட்ட சங்கம் என்று தெரிந்துகொள்ளலாம்.

தூரத்தை மணிக்கணக்கில் அளங்கள்

"ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். யாருடைய ஐந்து நிமிடம், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று போட்டிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி உங்கள் ஆபீஸ் வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். மாலையில் அதே வழியில் திரும்புங்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ஓடுகிற அளவுக்கு ரயில்கள் தாம்பரத்தைத் தாண்டி ஓடுவதில்லை என்பதையும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்பது அங்கே முக்கியமான கேள்வி.

இப்போது ஆகிற நேரத்தை விட ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் கூடுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 500 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்த்து இருபது நாளுக்கு மேல். மிச்சமாகும் வாடகையை இந்த 500-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். சிலருக்கு அந்த விலை கட்டுப்படியாகும், சிலருக்கு ஆகாது. குழந்தை தூங்கிய பிறகு வீட்டுக்கு வரும் அப்பாவுக்கு அது வேறு கணக்கு.

வேலை எங்கே என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு தலைகீழாகவும் மாறும். ஒரகடத்திலோ மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலோ வேலை பார்ப்பவர் நங்கநல்லூரில் இருந்துகொண்டு தினம் அலைவதை விடக் கூடுவாஞ்சேரியில் இருப்பதே புத்திசாலித்தனம். ஆனால் வீட்டில் சம்பாதிப்பவர் இருவர் என்றால் இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பல வீடுகளில் கணவரின் ஆபீஸை மட்டும் பார்த்து வீடு வாங்குகிறார்கள். பிறகு மனைவிதான் வேலையை விட வேண்டியிருக்கிறது. அந்தச் சம்பளமும் வீட்டின் விலையில் சேர வேண்டியதுதானே?

காகிதங்கள்

பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதில் குறுக்குவழி கிடையாது. ஆனால் அவரிடம் போகும் முன் நீங்களே பார்க்கக் கூடியவை சில உண்டு.

முதலில் ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த பிறகுதான் விற்பனைக்கே விட வேண்டும். பதிவு எண்ணை வாங்கி ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். எப்போது முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அங்கே இருக்கும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் இந்தச் சட்டம்தான். வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது.

அடுத்து, அனுமதி கொடுத்தது யார் என்று பாருங்கள். பழைய சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் அது வண்டலூரை ஒட்டி முடிந்துவிடும். அதற்கு அப்பால் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். 2022-ல் இந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை வந்தது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று மட்டும் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். மனை வாங்குபவர்களுக்கு இது மிக முக்கியம். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016-ல் தடை வந்தது, 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. இந்தக் கதையில் மாட்டிக்கொண்டு, விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன.

பிறகு பட்டா, வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம். கூடவே புல வரைபடமும் அ-பதிவேடும். வரைபடத்தில் ஓடையோ வாய்க்காலோ மனையைக் கடந்து போகிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் ஏரி, குளம், புறம்போக்கு என்ற சொற்கள் எங்கேயாவது எட்டிப் பார்க்கின்றனவா என்றும் பாருங்கள். முன்பு தண்ணீர் பற்றி இஸ்திரிக்காரரிடம் கேட்ட கேள்விக்கு அரசாங்கத்தின் பதில் இந்தக் காகிதங்களில் இருக்கும்.

கட்டி முடித்த வீடு என்றால் பணி நிறைவுச் சான்றிதழ் கேளுங்கள். மின் இணைப்பு நிரந்தரமா, கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பா என்று கேளுங்கள். தற்காலிக இணைப்பில் கட்டணம் அதிகம். இன்னொன்று, யு.டி.எஸ். என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஆயிரத்து நூறு சதுர அடி ஃப்ளாட் என்பார்கள், நிலத்தில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி? இருபது, முப்பது வருடம் கழித்துக் கட்டடம் பழசாகும்போது மிஞ்சுவது அதுதான். அடுக்கு கூடக் கூட அந்தப் பங்கு சுருங்கும்.

பணத்தின் முழுக் கணக்கு

விலை, கடன் தவணை இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பதிவுச் செலவு, உள் வேலைகள், மாதாமாதம் மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரி, இரண்டாவது வண்டி, பள்ளி வேன், வாரம் ஒருமுறை இங்கே வந்து போகிற செலவு, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு நான்கு ரூபாய் என்று வைத்தால்கூட 1,100 சதுர அடிக்கு மாதம் 4,400 ரூபாய். நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் பார்க்க அழகு. பாதிப் பேர் குடிவராத கட்டடத்தில் அவற்றைப் பராமரிக்கும் செலவு வந்திருக்கும் பாதிப் பேரின் தலையில்தான்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டுக்கு ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, குறைந்த விலை வீடுகளுக்கு ஒரு சதவீதம். நிறைவுச் சான்றிதழ் பெற்ற பிறகு வாங்கினால் அந்த வரி இல்லை. விலை கொஞ்சம் கூடினாலும் கண்ணால் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து வாங்கலாம். வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டும் அவதியும் இல்லை.

இங்கிருக்கும் வீட்டை விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதை விற்றுவிட்டு அங்கே போய்ப் பிடிக்கவில்லை என்றால், திரும்பி வர அதே பணம் போதாது. பெரும்பாலும் இது ஒருவழிப் பாதை. அதனால் முதலில் அங்கே வாடகைக்குப் போங்கள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் அங்கே கொடுக்கும் வாடகை அதில் வந்துவிடும். ஒரு வருடம் இருங்கள். ஒரு நவம்பரும் ஒரு மே மாதமும் கட்டாயம் கடக்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்த ஊர் பிடித்திருந்தால் தைரியமாக வாங்குங்கள். விலை ஏறிவிடுமே என்று அவசரப்படுத்துவார்கள். ஒரு வருடத்தில் ஏறும் விலையை விட, தப்பான வீட்டில் மாட்டிக்கொள்ளும் நஷ்டம் பெரிது.

கடைசியாக, மனிதர்கள்

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒன்றைப் பாருங்கள்: அங்கே சங்கம் இருக்கிறதா? கூட்டம் போடுகிறார்களா? வரவு செலவு ஒட்டப்பட்டிருக்கிறதா? பில்டர் இன்னும் சாவியைத் தன்னிடமே வைத்திருக்கிறாரா, அல்லது முறையாக ஒப்படைத்துவிட்டாரா? பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடமும் உள் சாலைகளும் உள்ளாட்சியிடம் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டனவா? ஒப்படைக்காத சாலைக்கு ஊராட்சியும் தார் போடாது, நகராட்சியும் போடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரின் பாதாளச் சாக்கடையே அப்படி வந்ததுதான். அப்போது நாம் ஆலந்தூர் நகராட்சி. அரசாங்கப் பணம் முழுதாகக் கிடைக்கும் வரை காத்திருக்காமல், வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்கள் முன்பணம் கட்டினார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். 2000-ல் வேலை தொடங்கியது. இந்தியா முழுவதும் இருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர்கள் அதற்காக இருபது வருடம் காத்திருந்தன. வளரும் ஊர் தானாக வளர்வதில்லை. மனுக் கொடுத்து, வரி கட்டி, விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆட்கள் உள்ள ஊர்தான் வளர்கிறது.

ஆகவே போகிறவர்கள் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை, திங்கட்கிழமை காலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். போன இடத்தில் முதல் மாதமே சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். சங்கம் இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். எப்படி என்று கேட்க நம் செயலாளரின் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.